படம் பார்த்தாலே போன் பறிபோகுமா?

பிரவுசர் பாதுகாப்பு பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: குரோமில் ஆபத்தான ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. உள்ளே போய்ப் படித்தால் 'மெமரி கரப்ஷன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மெமரி கார்டு கெட்டுப்போவதைத்தான் சொல்கிறார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

ப: மெமரி கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. இது ரேம் பற்றியது, அதாவது மென்பொருள் ஓடும்போது தன் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள எழுத்து, படம், வீடியோ, விளம்பரம், பின்னால் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் என்று ஒவ்வொன்றுக்கும் பிரவுசர் ரேமில் இடம் வாங்கிக்கொண்டே இருக்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குரோம், பயர்பாக்ஸ், சபாரி மூன்றிலுமே பெரும்பகுதி சி++ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. வேகமான மொழி. ஆனால் எவ்வளவு இடம் வாங்கினோம், எதுவரை எழுதலாம், எப்போது திருப்பிக் கொடுத்தோம் என்ற கணக்கை எல்லாம் நிரல் எழுதுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். 100 எண்களுக்கு இடம் வாங்கிவிட்டு 101ஆவது எண்ணை எழுதினால் அந்த மொழி தானாகத் தடுக்காது, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் மேலேயே எழுதிவிடும்.

பல நேரம் அந்த டேப் கவிழ்ந்துபோகும், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருந்தது 'அடுத்து எந்த நிரலை ஓட்ட வேண்டும்' என்று சொல்லும் முகவரியாக இருந்தால்? அங்கே என்ன எழுதப்பட வேண்டும் என்பதை ஒருவர் வெளியிலிருந்து தீர்மானிக்க முடிந்தால், அந்த நொடியிலிருந்து பிரவுசர் அவர் சொல்வதைச் செய்யும். அவர் யாரோ, எங்கேயோ இருப்பவர். நீங்கள் செய்ததெல்லாம் ஒரு பக்கத்தைத் திறந்தது மட்டும்தான்.

வேறு மென்பொருள்களிலும் இந்தக் குறை உண்டு. பிரவுசரில் அது ஏன் இத்தனை பெரிதாகிறது என்றால், முன்பின் தெரியாத யாரோ அனுப்பும் நிரலை வாங்கி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவதுதான் பிரவுசரின் அன்றாட வேலை.

கே: எச்சரிக்கைகளில் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதுவும் பிரவுசர்களில்தான் அதிகம் பார்க்கிறேன். காரணம் என்ன?
— பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

ப: ஒரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டீர்கள், ஆனால் சாவியின் நகல் உங்கள் பையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்துவிட்டார். நீங்கள் பழைய நினைப்பில் கதவைத் திறந்து உள்ளே போய், மேசைமேல் இருக்கும் காகிதத்தை உங்களுடையது என்று எடுத்து அதில் எழுதியபடி நடக்கிறீர்கள். யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ இதுதான். ரேமில் ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் முகவரி நிரலில் எங்கோ ஒரு மூலையில் மிச்சம் இருக்கும். திருப்பிக் கொடுத்த இடத்தில் தாக்குபவர் தன்னுடைய தரவை நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

பிரவுசரில் ஏன் அதிகம் என்றால், இரண்டு உலகங்கள் ஒரே பொருளைப் பங்குபோட்டுக்கொள்வதால். ஒரு வெப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தியதும் பிரவுசரின் சி++ பகுதி, பக்கத்தை எழுதியவர் கொடுத்த ஜாவாஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது. அந்த ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பட்டனையே பக்கத்திலிருந்து அழித்துவிடுகிறது. அதற்கு முழு அனுமதி உண்டு, தப்பே இல்லை. பிறகு கட்டுப்பாடு சி++ பகுதிக்குத் திரும்பி வருகிறது, விட்ட இடத்திலிருந்து அந்தப் பட்டனோடு வேலையைத் தொடரப் பார்க்கிறது, பட்டன் போய்விட்டது. இப்படி நடக்கக்கூடிய இடங்கள் ஒரு பிரவுசரில் ஏராளம், ஒவ்வொன்றிலும் 'நடுவில் இது அழிந்திருக்குமோ' என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

2010 ஜனவரி 12 அன்று கூகுள் தன் நெட்வொர்க்கில் சீனாவிலிருந்து ஊடுருவல் நடந்ததாக அறிவித்ததே, 'ஆபரேஷன் அரோரா' என்று பேர் வாங்கிய தாக்குதல், அதில் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர் ஓட்டை கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு ஈவென்ட்டை, அதாவது கிளிக் போன்ற நிகழ்வின் பதிவை, நகல் எடுத்துக்கொண்டு, அது சுட்டிக்காட்டும் உறுப்பைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, பிறகு அந்த நகலிடம் 'நீ எந்த உறுப்பைச் சேர்ந்தவன்' என்று கேட்பது. ஜெர்மனி, பிரான்ஸ் அரசு அமைப்புகள் அந்தப் பிரவுசரையே இப்போதைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்லும் அளவுக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திரத் திருத்த நாளுக்குக் காத்திராமல் 21ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது.

அதோடு நிற்கவில்லை. 2019 அக்டோபர் கடைசியில் குரோமின் ஆடியோ பகுதியில், 2022 பிப்ரவரியில் குரோமின் அனிமேஷன் பகுதியில், 2024 அக்டோபரில் பயர்பாக்ஸின் அனிமேஷன் டைம்லைனில் என்று அதே வகை ஓட்டைகள், எல்லாமே திருத்தம் வருவதற்கு முன்பே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தவை. நீங்கள் கல்லூரியில் பாயின்டர், அதாவது ரேம் முகவரியைச் சுட்டும் மாறி பற்றிப் படிக்கும்போது 'ஃப்ரீ செய்த பிறகு தொடாதே' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கே: வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்தாலே போன் ஹேக் ஆகிவிடும் என்று எங்கள் குடும்ப குரூப்பில் ஒருவர் பரப்பிக்கொண்டிருக்கிறார். படத்துக்குள் என்ன வைரஸ் இருக்க முடியும்? வதந்திதானே?
— மளிகைக் கடை உரிமையாளர், பொள்ளாச்சி

ப: அந்தக் குறிப்பிட்ட ஃபார்வர்டு வதந்தியாக இருக்கலாம். ஆனால் 'படத்தால் முடியாது' என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் முடிந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 செப்டம்பர். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவான சிட்டிசன் லேப், வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சமூக அமைப்பில் வேலை பார்ப்பவரின் ஐபோனைச் சோதித்தபோது, இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் அதற்குள் வந்த வழியைக் கண்டுபிடித்தது. ஆப்பிளின் ஐமெசேஜ் செயலியில் வந்த ஓர் இணைப்புக் கோப்பு, அதற்குள் ஒரு படம். அவர் எதையும் தொடவில்லை, திறக்கவில்லை. ஆப்பிள் 7ஆம் தேதி திருத்தமாக ஐஓஎஸ் 16.6.1 வெளியிட்டது. நான்கே நாளில், 11ஆம் தேதி, கூகுள் குரோமுக்கு ஓர் அவசரத் திருத்தம் விட்டது. மறுநாள் பயர்பாக்ஸ். குரோமின் குறையைச் சொன்னவர்கள் ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் சிட்டிசன் லேபும்தான். இரண்டும் ஒரே ஓட்டை என்பது பிறகு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

ஓட்டை இருந்தது லிப்வெப்பி என்ற நிரல் தொகுப்பில். வெப்பி என்பது கூகுள் 2010இல் கொண்டுவந்த பட வடிவம், இன்று நீங்கள் இணையத்தில் பார்க்கும் படங்களில் நிறைய அதுதான். அதில் தரம் குறையாமல் படத்தைச் சுருக்கும் வகை ஒன்று உண்டு, அதற்கு ஹஃப்மன் குறியீடு பயன்படுகிறது. அடிக்கடி வரும் மதிப்புக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறியீடு. எந்த மதிப்புக்கு எவ்வளவு நீளம் என்ற விவரம் படக் கோப்புக்குள்ளேயே வரும். அதைப் படித்து பிரவுசர் ஓர் அட்டவணை கட்டும். அட்டவணைக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் தேவைப்படும் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த அளவுக்கு இடம் வாங்கி வைத்திருந்தார்கள். கணக்கு சரியான கணக்கு. முறையாக அமைந்த குறியீடு எதுவாக இருந்தாலும் அந்த இடத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் கோப்பைச் செய்பவர் வேண்டுமென்றே முறைகெட்ட நீளங்களைக் கொடுத்தால்? அதைப் பிடிக்கும் சோதனையும் நிரலில் இருந்தது. சோதனை நடந்தது அட்டவணையில் எழுதி முடித்த பிறகு. 'இது செல்லாத குறியீடு' என்று நிரல் கண்டுகொள்வதற்குள் வாங்கிய இடத்தைத் தாண்டி எழுதியாகிவிட்டது. திருத்தம் என்ன தெரியுமா? முதலில் நீளங்களைச் சரிபார், எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிக்கொள், அப்புறம் எழுது. அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் உறைத்த விஷயம் வேறு. லிப்வெப்பி யாரும் கவனிக்காத மூலையில் கிடந்த நிரல் அல்ல. 2016இல் கூகுள் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டத்தில், கன்னாபின்னாவென்று கோப்புகளை உருவாக்கி நிரலுக்குக் கொடுத்துக் கவிழ்கிறதா என்று இயந்திரங்கள் ஓயாமல் சோதித்துக்கொண்டிருந்த நிரல். அப்படியும் தப்பிவிட்டது, ஏனென்றால் இந்தக் குறையைத் தொட, ஒரே கோப்பில் பல அட்டவணைகள் மிகத் துல்லியமாக ஒன்றுசேர வேண்டும், தற்செயலாக அது அமைவது மிக மிக அரிது. தேடி உட்கார்ந்து யோசித்த மனிதர்களுக்குக் கிடைத்தது.

குரோமையும் பயர்பாக்ஸையும் சரிசெய்தால் கதை முடியவில்லை. ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னல் டெஸ்க்டாப், விஎஸ் கோட் போன்றவை எல்லாம் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் ஓடுபவை, உள்ளே குரோமின் அடிப்படையான குரோமியமே முழுசாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்டேட் ஆக வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் குரூப் நண்பரிடம் 'படத்தைக் கண்டு பயப்படாதே, போனை அப்டேட் செய்' என்று சொல்லுங்கள். அந்த ஃபார்வர்டை மேலும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கே: நான் தெரியாத லிங்க்கைத் தொடுவதில்லை. கண்ட தளங்களுக்கும் போவதில்லை. வங்கி, ரயில்வே, இரண்டு செய்தித் தளம், அவ்வளவுதான். நான் ஏன் கவலைப்பட வேண்டும்?
— அரசு ஊழியர், சேலம்

ப: உங்கள் கட்டுப்பாடு நல்லது, போலி வங்கிப் பக்கங்களிலிருந்து அதுதான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் இந்த வகைத் தாக்குதலுக்கு அது போதாது. 2019இல் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்த தாக்குதலில், கொரிய மொழிச் செய்தித் தளம் ஒன்றின் முகப்புப் பக்கத்திலேயே தாக்குபவர்கள் தங்கள் ஸ்கிரிப்டைச் சொருகியிருந்தார்கள். வாசகர்கள் செய்த 'தப்பு' தினமும் படிக்கும் செய்தித் தளத்தைத் திறந்தது. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? இந்தக் குறைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பழியைப் பயனாளர் தலையில் கட்டுவதை நான் ஏற்பதில்லை. ஓட்டை இருப்பது நிரலில்.

2024 பயர்பாக்ஸ் தாக்குதலையும் பாருங்கள். ரஷ்ய ஆதரவுக் குழுவான ரோம்காம் செய்தது. போலிப் பக்கம் ஒன்றைத் திறந்தால் போதும், எதையும் அழுத்த வேண்டியதில்லை, டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. பயர்பாக்ஸ் ஓட்டை வழியாக உள்ளே வந்து, பிரவுசரைச் சுற்றியிருக்கும் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலியை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த இன்னொரு ஓட்டையால் உடைத்து, பின்வாசல் மென்பொருளை நிறுவிவிட்டுப் போனார்கள். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அக்டோபர் 8 அன்று பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவுக்குச் சொன்னது. 25 மணி நேரத்தில் திருத்தம் வந்தது. மொசில்லா குழுவை மனமாரப் பாராட்ட வேண்டும். விண்டோஸ் பக்கத்து ஓட்டைக்கு நவம்பர் 12 வரை ஆனது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவது என் நோக்கமில்லை. யாருக்கும் தெரியாத பிரவுசர் ஓட்டை என்பது மிக விலை உயர்ந்த சரக்கு. அதை உங்கள் மேலோ என் மேலோ வீணடிக்க மாட்டார்கள். பத்திரிகையாளர், மனித உரிமை ஆர்வலர், வழக்கறிஞர், அரசியல் எதிரணியினர், கிரிப்டோ வைத்திருப்பவர் போன்றோரைக் குறிவைப்பார்கள். நீங்கள் அந்த வகையில் வருபவர் என்றால், ஐபோனில் 2022இலிருந்து 'லாக்டவுன் மோட்' இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை வேகப்படுத்த ஓடும்போதே இயந்திர மொழியாக மாற்றும் ஜிட் என்ற பகுதியை அது அணைத்துவிடும், தாக்குபவர்களுக்குப் பிடித்த இடங்களில் அது ஒன்று. பக்கங்கள் கொஞ்சம் மெதுவாகும், சில வசதிகள் போகும், பரவாயில்லை.

மற்றவர்களுக்கு ஆபத்து வருவது திருத்தம் வெளியான பிறகு. குரோமியம் திறந்த மூலம், அதன் நிரலை யாரும் படிக்கலாம். திருத்தம் விழுந்த உடனே எந்த வரியை மாற்றினார்கள் என்று உலகத்துக்கே தெரியும், அதைப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த சரக்கு அப்போது மலிவாகிவிடுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டில் 116ஆம் பதிப்பிலிருந்து குரோம் வாரம் ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் கொடுக்க ஆரம்பித்தது. அந்த வாரத்துக்குள் நீங்கள் மாறிவிட்டால் நல்லது.

கே: இன்காக்னிட்டோ, விபிஎன், ஆன்ட்டிவைரஸ். இதில் எது காப்பாற்றும்?
— இல்லத்தரசி, மதுரை

ப: இன்காக்னிட்டோ காப்பாற்றாது, அது ஹிஸ்டரியையும் குக்கியையும் மிச்சம் வைக்காது, அவ்வளவே. விபிஎன் காப்பாற்றாது, கெட்ட பக்கம் விபிஎன் வழியாகவும் அப்படியே வந்து சேரும். ஆன்ட்டிவைரஸ் பின்னால் வந்து இறங்கும் மென்பொருளைச் சில நேரம் பிடிக்கும், பிரவுசரின் ரேமுக்குள் நடப்பதைப் பெரும்பாலும் பார்க்காது. மூன்றுக்கும் வேறு பயன்கள் உண்டு, இதற்கு இல்லை.

கே: 20 வருடமாக சி++ எழுதுகிறேன். ஒழுங்காக எழுதத் தெரிந்தால் இந்தப் பிரச்சினையே வராது. நல்ல புரோகிராமர் கிடைக்காமல் இப்போது ரஸ்ட், ரஸ்ட் என்று புதுமொழியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். உங்கள் கருத்து?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

ப: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. குரோமியம் குழு 2020இல் தன் கணக்கைத் திறந்து வைத்தது. 2015இலிருந்து நிலையான பதிப்பைப் பாதித்த கடுமையான பாதுகாப்புக் குறைகள் 912ஐ எடுத்துப் பார்த்ததில் சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டவை. அதில் பாதி யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. அதற்கு முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் எல்லா மென்பொருளுக்கும் சேர்த்துச் சொன்னதும் அதே 70தான். இவர்கள் யார்? உலகத்தின் தேர்ந்த சி++ ஆட்கள் வேலை செய்யும் இடங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவியூ உண்டு, மெமரிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிட்டைசர் உண்டு, கன்னாபின்னா கோப்புகளைக் கொடுத்துச் சோதிக்கும் ஓயாத ஃபஸ்ஸிங் உண்டு, குறை கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பெரும் பணம் உண்டு. குரோமில் ஒரே ஓட்டைக்கு 2,50,000 டாலர் வரை கொடுப்பதாக 2024இல் அறிவித்தார்கள். இத்தனையும் இருந்து அந்த 70 வருகிறது என்றால் குறை ஆளிடம் இல்லை. லட்சக்கணக்கான வரிகளில், பல ஊர்களிலிருந்து பல ஆண்டுகளாக எழுதப்படும் நிரலில், எந்தப் பொருள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதை மனிதத் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் தவறு.

ரஸ்ட் அந்தக் கணக்கை, எழுதிய நிரலை இயந்திர மொழியாக மாற்றும் கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. ஒரு பொருளுக்கு யார் சொந்தக்காரர், யார் இரவல் வாங்கியிருக்கிறார், இரவல் எப்போது முடிகிறது என்பதை அது சரிபார்த்து, பொருந்தாவிட்டால் நிரலையே ஏற்காது. நேற்று வந்த மொழியும் இல்லை. 2006இல் கிரேடன் ஹோர் என்ற புரோகிராமர் தொடங்கியது, மொசில்லா ஆதரித்து வளர்த்து 2015 மே 15 அன்று 1.0 வந்தது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸில் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பகுதியை முழுக்க ரஸ்டில் மாற்றி வெளியிட்டார்கள், ஸ்டைலோ என்று பேர். அதற்கு முன் அதே பகுதியைப் பிராசசரின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி சி++இல் எழுத இரண்டு முறை முயன்று கைவிட்டிருந்தார்கள். பழைய சிஎஸ்எஸ் பகுதியில் அதன் ஆயுள் முழுக்க வந்த 69 பாதுகாப்புக் குறைகளில் 51, ரஸ்டில் எழுதியிருந்தால் வந்திருக்கவே முடியாது என்று மொசில்லா பிறகு கணக்குக் காட்டியது. ஆண்ட்ராய்டில் புது நிரலை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுத ஆரம்பித்த பிறகு, மொத்தப் பாதுகாப்புக் குறைகளில் மெமரி குறைகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்தது 2024இல் 24 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய நிரலைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுவதை மட்டும் மாற்றினார்கள்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இருக்கும் சி++ நிரலை ஒரே இரவில் மாற்றி எழுத யாராலும் முடியாது. அதற்குத்தான் இடைக்கால ஏற்பாடுகள். குரோமில் மிராக்கிள் பாயின்டர் என்று ஒன்று 2022இல் வந்தது: 15,000க்கு மேற்பட்ட சாதாரண பாயின்டர்களை மாற்றி எழுதினார்கள். ஒரு பொருளை விடுவித்த பிறகும் அதைச் சுட்டும் முகவரி எங்காவது மிச்சம் இருந்தால், அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் தனியே நிறுத்தி வைத்துவிடும். சாவி கையில் இருந்தாலும் உள்ளே வேறு ஆள் இருக்க மாட்டார் என்று திருநெல்வேலி மாணவருக்காகச் சொல்லிக்கொள்கிறேன். பயர்பாக்ஸ் 2021 டிசம்பரில் வந்த 95ஆம் பதிப்பிலிருந்து ஆர்எல்பாக்ஸ் என்ற முறையில் எழுத்துரு, சொல்திருத்தி போன்ற சில வெளி நிரல் நூலகங்களைத் தனி வேலிக்குள் போட்டுவிட்டது.

ரஸ்டாலும் தீராதது ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின், ஜிட் வழியாகத் தானே இயந்திர மொழியை எழுதுகிறது. 'இந்த இடத்தில் எண்தான் வரும்' என்று அது தப்பாக ஊகித்து எழுதிவிட்டால், ஊகித்த இன்ஜின் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தால் என்ன? குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8இல் வரும் 'டைப் கன்ஃப்யூஷன்' (ஒரு வகைத் தரவை வேறு வகை என்று நினைத்துவிடுவது) எச்சரிக்கைகளில் பல இந்த வகை. அதனால்தான் வி8க்குள்ளேயே ஒரு சாண்ட்பாக்ஸ் கட்டியிருக்கிறார்கள்.

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நம் தமிழ்த் தளங்கள் பல தங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புகின்றன. அந்த எழுத்துருக் கோப்பும் முன்பின் தெரியாத கோப்புதான். 2020 அக்டோபரில் எழுத்துருவைப் படிக்க குரோம் பயன்படுத்திய ஃப்ரீடைப் நூலகத்தில் இருந்த ஓட்டையை யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தது தெரியவந்து அவசரமாகத் திருத்தினார்கள். 128ஆம் பதிப்பில் அதிகம் புழங்காத சில எழுத்துரு வகைகளில் தொடங்கி, 133ஆம் பதிப்பில் லினக்ஸ், ஆண்ட்ராய்டு, குரோம்ஓஎஸ் மூன்றிலும் வெப் எழுத்துரு வேலையை ரஸ்டில் எழுதிய ஸ்க்ரிஃபா நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசகர் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு பகுதியாக, சத்தமில்லாமல்.

கே: எந்தப் பிரவுசர் பாதுகாப்பானது? ஐபோனில் குரோம் போட்டுக்கொண்டால் நல்லதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

ப: உரிய நேரத்தில் அப்டேட் ஆகும் எதுவும் நல்லதுதான். எட்ஜ், பிரேவ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோமியத்தின் மேல் கட்டியவை, ஆகவே குரோமில் ஓட்டை என்றால் அநேகமாக அவற்றிலும் இருக்கும், திருத்தம் அவர்களிடம் வந்து சேர எவ்வளவு நாளாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே பக்கத்தைக் காட்டும் இன்ஜினாக ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4இலிருந்து வேறு இன்ஜினுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஐபோனில் பிரவுசரைப் பாதுகாப்பது என்றால் ஐஓஎஸ்ஸை அப்டேட் செய்வது.

கே: கடையில் விண்டோஸ் 7 போட்ட கம்ப்யூட்டர்தான். பில்லிங் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடுகிறது, அதிலேயே குரோமில் வங்கி வேலையும் பார்க்கிறோம். குரோம் புதுப்பிக்க மறுக்கிறது.
— ஜவுளிக்கடை, ஈரோடு

ப: விண்டோஸ் 7க்கு குரோமின் கடைசிப் பதிப்பு 109, 2023 தொடக்கத்தோடு சரி. மேலே சொன்ன வெப்பி ஓட்டை அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. உங்கள் கடையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த மிஷினில் வங்கி வேலையை இன்றே நிறுத்துங்கள். பில்லிங் அதிலேயே ஓடட்டும், முடிந்தால் இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு. வங்கிக்கு அப்டேட் வரும் ஒரு போனைப் பயன்படுத்துங்கள், அந்தப் பழைய கம்ப்யூட்டரைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னும் நன்றாக வேலை செய்யும் ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கும் மனம் வருவதில்லை. வாங்கும்போதே 'இதற்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும்' என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியில் அல்லது நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். போன் விற்பவர்கள் கேமராவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கே: குரோம் தானாகவே அப்டேட் ஆகிவிடும் என்கிறார்கள். ஆனால் என் லேப்டாப்பில் வெர்ஷன் எண் பழசாகவே இருக்கிறது. ஏன்?
— பட்டயக் கணக்காளர், சென்னை

ப: நீங்கள் குரோமை மூடுவதே இல்லை, அதுதான் காரணமாக இருக்கும். புதுப் பதிப்பு பின்னணியில் இறங்கி வட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் ரேமில் ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல். மூடித் திறந்தால்தான் புதுசு ஓடும். லேப்டாப் மூடியைச் சாத்துவது கணக்கில் சேராது, அது தூங்கி எழுந்ததும் பழைய குரோமே தொடரும். கணக்கு முடிக்கும் மாதத்தில் நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு வாரக் கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கிறதல்லவா, அங்கே 'ரீலாஞ்ச் டு அப்டேட்' என்றோ 'ஃபினிஷ் அப்டேட்' என்றோ தெரிந்தால் அழுத்திவிடுங்கள். தெரியாவிட்டாலும் மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம் என்று போங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அது தேட ஆரம்பித்துவிடும், முடிந்ததும் 'ரீலாஞ்ச்' பட்டன் வரும். சாதாரண டேப்கள் எல்லாம் அப்படியே திரும்ப வரும், இன்காக்னிட்டோ ஜன்னல்கள் மட்டும் வராது. பாதி நிரப்பிய வரிப் படிவம் ஏதாவது திறந்திருந்தால் அதை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

போனில், ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் குரோமோடு 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்பதையும் தேடி அப்டேட் கொடுங்கள். பல செயலிகள் தங்களுக்குள்ளேயே வெப் பக்கத்தைத் திறந்து காட்டுவது அதன் மூலம்தான்.